காற்றுக்கு இருபத்து மூன்று சாட்சிகள்

சங்குமுனை ரசாயனப் பேட்டையின் காற்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் வாய் திறக்க வேண்டுமென்றால்கூட நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. ஜெஸிந்தா அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் கோயம்புத்தூரில் நெட்வொர்க் இன்ஜினியராக இருந்தவள். அண்ணன் சூசைராயன் செத்த பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள். சூசை எலக்ட்ரீஷியன். பேட்டையின் கிழக்குச் சுவரோரம் மின்கம்பத்தில் ஏறித் தெருவிளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மஞ்சளும் பச்சையுமாய் ஏதோ கசிந்து வந்தது. புகை மேலே ஏறும் என்று நினைத்து அவசரமாக இறங்கியிருக்கிறான். குளோரின் மேலே ஏறாது, தரையோடு தவழும். கம்பத்திலேயே இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான்.

மருத்துவமனைச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வழக்குப் போட்டபோது பேட்டை நிர்வாகத்தின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “அந்தத் தேதியில் சங்கிலியில் எந்தக் கசிவும் பதிவாகவில்லை.”

சங்கிலி என்று அவர் சொன்னது பேட்டையின் பிளாக்செயினை. சுவர் நெடுக இருக்கும் சென்சார்கள் காற்றை அளந்து அதில் எழுதும். எழுதியதை யாரும் அழிக்கவோ திருத்தவோ முடியாது. அதனால் புதிய சட்டப்படி காற்றைப் பற்றிய வழக்கில் அது ஒன்றுதான் சாட்சியம். எரிந்து சிவந்த கண்களோ கருகிய முருங்கை இலைகளோ கணக்கில் வராது.

ஊர் நலச் சங்கமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேரலாம் என்பதுதான் ஜெஸிந்தா வாங்கி வந்த உத்தரவு. வேலிடேட்டர் என்று அதற்குப் பெயர். ஊரில் அதைச் சாட்சி என்றார்கள்.

பேட்டையின் தொழில்நுட்ப அதிகாரி ராகவேந்திரன் ஒரு நாள் காலை சங்கக் கட்டடத்துக்கு வந்தார். சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இது ஜெனிசிஸ் ஃபைல், மேடம். சங்கிலியோட முதல் பிளாக்கும் எல்லா விதியும் இதுலதான் இருக்கு. ஒரு எழுத்து மாறினாலும் உங்க மெஷின் வேற சங்கிலிக்குப் போயிடும்.”

“தெரியும் சார்.”

அவள் கோப்பை ஏற்றினாள், நெட்வொர்க் எண்ணைக் கொடுத்தாள், சங்கத்தின் பெயரில் ஓட்டுப் போடுவதற்கான மின்சாவியை உருவாக்கினாள். மற்ற கணினிகளைத் தேடிப் பிடித்து அதுவரையிலான சங்கிலி முழுவதையும் இறக்கிக்கொள்ள அவளுடைய கணினிக்கு மத்தியானம்வரை ஆனது. பிறகு ஏற்கெனவே இருக்கும் சாட்சிகளில் பாதிக்கு மேல் சம்மதித்தாக வேண்டும். நீதிமன்ற உத்தரவு என்பதால் எல்லோரும் சம்மதித்தார்கள்.

“கங்கிராட்ஸ், மேடம். இனிமே நீங்களும் ஒரு சாட்சி” என்று சொல்லிவிட்டு ராகவேந்திரன் காரில் ஏறிப் போனார்.

கார் சத்தம் ஓய்ந்ததும் அவள் மூன்றாம் எண் சென்சாரைத் தேடினாள். கிழக்குச் சுவரில் இருப்பது அதுதான். அண்ணன் செத்த நாளின் அளவு நிலுவையில் கிடந்தது. சென்சார் தவறாமல் அளந்திருந்தது. மனிதர் மூச்சு விடக்கூடிய அளவைப்போலப் பல மடங்கு குளோரின். ஆனால் சென்சார் சொன்னால் மட்டும் போதாது. குப்பை எரிந்த புகையாக இருக்கலாம், கருவிக் கோளாறாக இருக்கலாம் என்று சாக்குச் சொல்லி, சாட்சிகளில் பாதிக்கு மேல் ‘ஆம்’ சொன்னால்தான் அபாய அளவு பதிவாகும் என்று விதி வைத்திருந்தார்கள். பதிவாகாததை அந்தச் சென்சார் தினமும் விடியற்காலையில் மறுபடி அனுப்பியது. தினமும் அதை நிராகரித்தார்கள். ஒரு வருடமாகச் சின்னப் பிள்ளை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதைப் போல அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் விடியலில் அது மீண்டும் வந்தது. ஜெஸிந்தா ‘ஆம்’ போட்டாள்.

முடிவு வந்தது. ஆம் ஒன்று. இல்லை இருபத்திரண்டு.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாட்சிகள் மொத்தம் ஏழுதானே? ஐந்து ஆலைகள், அரசுத் துறை, காப்பீட்டு நிறுவனம். மற்ற பதினைந்து பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஒவ்வொரு சாட்சியின் இணைய முகவரியையும் பார்த்தாள். பதினைந்தும் சங்குமுனை ஊருக்குள்ளேயே இருந்தன. பெயர்களும் வெளிப்படையாகவே இருந்தன. சி. சிதம்பரக்கனி, பலசரக்குக் கடை. ம. லூர்தம்மாள். மு. பட்டுராஜ். எல்லாம் தெரிந்த பெயர்கள். பட்டியலின் கடைசியில் இருந்த பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள்.

சூ. பெல்சியா.

அண்ணனின் மனைவி.

*

பெல்சியா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெஸிந்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். டிவிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று பச்சை விளக்குடன் இருந்தது. பெல்சியா ஈரக் கையோடு அவள் பின்னால் வந்தாள்.

“மயினி, இது என்னது?”

“அதுவா? கம்பெனில குடுத்த நெட்டுப் பெட்டிலா. உங்க அண்ணன் போன பொறவு வந்து மாட்டிட்டுப் போனானுவ. பிள்ளை படிக்கட்டும், காசு ஒண்ணும் வேண்டாம்னுட்டானுவ. ஏன்?”

“கையெழுத்துப் போட்டியளா?”

“போன்ல விரல வைக்கச் சொன்னான், வச்சேன். நெட்டு வேணும்னா வைக்கணும்னான். என்னன்னு சொல்லுட்டி, மொகமே சரியில்லயே.”

ஜெஸிந்தாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

“அது நெட்டு மட்டும் குடுக்கல, மயினி. உங்க பேர்ல சாட்சி சொல்லுது. தெனம் காலையில.”

“என்ன சாட்சி?”

“அண்ணன் செத்த அன்னைக்கு கேஸ் வரலன்னு.”

பெல்சியா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். கையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மளமளவென்று அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெஸிந்தா குறுக்கே விழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

“விடுட்டி! எம் புருசன் நெஞ்சு வெந்து செத்தான். எம் மடியிலதான் செத்தான். நான், நான் சொல்லுதேனா கேஸ் வரலன்னு? எம் வீட்டுக் கரண்டுல ஓடிக்கிட்டு, எம் பேரச் சொல்லி…”

“மயினி, உடைச்சா ஒரு ஓட்டுதான் போவும். மிச்சம் பதினாலு பெட்டி ஊருக்குள்ள இருக்கு. கொஞ்சம் பொறுங்க. எனக்கும் உடைக்கத்தான் தோணுது.”

குழவி தரையில் விழுந்து சிமெண்டு பெயர்ந்தது. பெல்சியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன்ட்டி இப்பிடிச் செஞ்சானுவ? அவனுவ ஓட்டே போதும்லா?”

“கோர்ட்டு நம்மள சேக்கச் சொல்லும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுருக்கு. நாளைக்கு இன்னும் ஏழெட்டுச் சங்கத்தச் சேக்கச் சொன்னா ஏழு பேரு பத்தாது. அதான் ஆள் சேத்துட்டாங்க. சாட்சின்னா தனித்தனி ஆளா இருக்கணும்னு சட்டம். நம்மள விட்டா அவங்களுக்குத் தனித்தனி ஆளு யாரு இருக்கா?”

சொல்லி முடிக்கும்போதுதான் ஜெஸிந்தாவுக்கு உறைத்தது. அவள் எழுந்து பெட்டியின் அருகில் போனாள். சாவி பெல்சியாவின் பெயரில் இருந்தது. பதினைந்து சாவிகளும் ஊர்க்காரர்கள் பெயரில்தான் இருந்தன. நிர்வாகம் செய்திருந்ததெல்லாம், எந்த அபாய அளவு வந்தாலும் ‘இல்லை’ என்று தானாகப் போடும் ஒரு சிறு நிரலைப் பெட்டிக்குள் வைத்தது மட்டுமே. அதை எடுத்துவிட்டால்? கேள்வி நேராக அந்தந்த வீட்டுக்காரரின் போனுக்கு வரும்.

“மயினி, இந்தச் சங்கிலியில பாதிக்கு மேல நாமதான் இருக்கோம். அவனுவளே நம்ம கையில குடுத்துட்டானுவ.”

*

இரண்டு பேரும் வீடு வீடாக ஏறினார்கள். விஷயத்தைக் கேட்டதும் லூர்தம்மாள் தெருவில் நின்று பேட்டை இருக்கும் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். பட்டுராஜ் நம்பவே இல்லை. ஜெஸிந்தா அவர் பெயரைத் திரையில் காட்டிய பிறகு பெட்டியைத் தானே கழற்றிக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும், நெட் போய்விட்டால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அந்த இரண்டு வீட்டிலும் பையன்கள் பேட்டையில் நிரந்தர வேலையில் இருந்தார்கள்.

சிதம்பரக்கனி அண்ணாச்சி கல்லாவை விட்டு எழாமலே கேட்டார். பேட்டை கேன்டீனுக்கு அவர் கடையிலிருந்துதான் அரிசியும் பருப்பும் போனது.

“கம்பெனிய மூடிட்டா இந்த ஊருல எவன் வீட்டுல அடுப்பு எரியும்? அதச் சொல்லு தாயி மொதல்ல.”

“மூடணும்னு நான் சொல்லல, அண்ணாச்சி. நடந்தத நடந்துச்சுன்னு எழுதணும். அவ்ளோதான்.”

“அதெல்லாம் ஒண்ணுதான்.” அவர் எழுந்து அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுத்து அவள் முன் வைத்தார். “ஆனா எம் பேரச் சொல்லி எவனோ ஒருத்தன் பேசுதது எனக்கு ஆவாது. மாத்திக் குடு. என்ன சொல்லணும்னு நான் பாத்துக்கிடுதேன்.”

பதின்மூன்று பெட்டிகள் மாறின. சங்கத்தின் ஓட்டோடு பதினான்கு. பன்னிரண்டு இருந்தால் போதும். அன்று ஜெஸிந்தா சாப்பிடும்போது பெல்சியா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் சென்சார் வழக்கம்போலத் தன் கேள்வியை அனுப்பியது. ஊரில் பதின்மூன்று போன்கள் ஒலித்தன. பெல்சியா வாசலில் நின்றுகொண்டே ‘ஆம்’ அழுத்தினாள். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம் எட்டு. இல்லை பதினைந்து.

ஜெஸிந்தா பெயர்களைப் பார்த்தாள். ஊர்க்காரர்களில் ஆறு பேர் தங்கள் கையாலேயே ‘இல்லை’ போட்டிருந்தார்கள். பட்டுராஜ். சிதம்பரக்கனி. சூசையின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த இரண்டு பேர்கூட அதில் இருந்தார்கள்.

சற்று நேரத்தில் ராகவேந்திரன் போனில் வந்தார். குரலில் அத்தனை மரியாதை.

“தேங்க்ஸ், மேடம். முன்னாடி பாக்ஸ்தான் தானா ஓட்டுப் போட்டுச்சுன்னு நீங்க கோர்ட்டுல சொல்லியிருக்கலாம். இப்ப சொல்ல முடியாது பாருங்க. உங்க ஊர்க்காரங்களே யோசிச்சு, படிச்சுப் பார்த்து, கசிவு இல்லைன்னு சொல்லிட்டாங்க. இத நாங்க மனுவோட இணைக்கப் போறோம்.”

அவள் போனைச் சுவரில் எறிந்தாள். கண்ணாடி சிதறியது. ஊரின் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேட்டைக்காரன் பொய் சொன்னால் அது அவன் பிழைப்பு. இவர்கள்?

“நட” என்றாள் பெல்சியா. “அந்தக் கடைக்காரன் மொகத்தப் பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

*

கடையில் கூட்டம் இருந்தது. பெல்சியா யாரையும் பொருட்படுத்தவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கெழக்குத் தெருவுல நின்னியளா இல்லயா?”

சிதம்பரக்கனி தராசில் சீனியை நிறுத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

“நின்னேன்.”

“கேஸ் வந்துச்சா?”

சாமான் வாங்க வந்தவர்கள் மெல்ல விலகி நின்றார்கள். அவர் சீனியைத் திரும்பவும் மூட்டையிலேயே கொட்டினார்.

“வந்துச்சு. உம் புருசந்தான் மேல இருந்து பாத்துட்டு, ‘அண்ணாச்சி ஓடுங்க, ஓடுங்க’ன்னு கத்துனான். நான் ஓடுனேன். அதான் உசுரோட நிக்கேன். போதுமா?”

“பொறவு எப்பிடிவே ‘இல்ல’ன்னு அமுக்க மனசு வந்துச்சு?” பெல்சியாவின் குரல் உயர்ந்தது.

“எப்பிடி வந்துச்சுன்னா கேக்க?” அவருக்கும் குரல் ஏறியது. “எம் பேரு அதுல தெரியுதுல்லா? சிதம்பரக்கனி ‘ஆம்’னான்னு அவன் பாப்பான்லா? நாளைக்கே கேன்டீனுக்கு வேற கடையில இருந்து சரக்கு போவும். எம் மருமவன் அங்க பாய்லர்ல நிக்கான். பட்டுராஜ் மவ அங்க ஆபீஸ்ல இருக்கா. எங்கள வந்து ஏன்மா கேக்குதீய? வந்துச்சா வரலயான்னு அந்த மிஷினுக்குத் தெரியும்லா? அது சொன்னா எழுதிக்கிட்டுப் போவ வேண்டியதுதான? எங்க வாயால சொல்லச் சொன்னா நாங்க எங்க போவோம்?”

பெல்சியா காறித் துப்பிவிட்டு வெளியே வந்தாள். ஜெஸிந்தா பின்னாலேயே வந்தாள். ஆனால் பாதித் தெருவில் நின்றுவிட்டாள்.

“என்னட்டி?”

“மயினி, அவரு சொல்லுதது சரி.”

“என்ன சரி? பொய்ச் சாட்சி சொன்னது சரியா?”

“இல்ல. எங்கள ஏன் கேக்குதீயன்னு கேட்டாருல்லா, அது. காத்துல வெசம் இருக்கா இல்லயாங்கிறத எதுக்கு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும்? காய்ச்சல் எவ்வளவுன்னு தெரிய வீட்டுல ஓட்டா எடுக்கோம்? அவன் கேள்வியையே தப்பா வச்சுருக்கான். நானும் அதுக்குப் பதில் தேடிக்கிட்டுக் கிடந்தேன். பயந்த மனுசனப் பேரோட நிறுத்தி வச்சுக் கேட்டா அவன் ‘இல்ல’ன்னுதான் சொல்லுவான். அது அவனுக்கு நல்லாத் தெரியும்.”

அவள் அன்றே ஒரு விதித் திருத்தத்தை எழுதினாள். அளவோடு சென்சார் இடும் மின்முத்திரை சரியாக இருந்தால் அளவு நேராகச் சங்கிலியில் ஏறும். சாட்சிகள் முத்திரையைச் சரிபார்த்தால் போதும். கசிவு நடந்ததா என்று எவரையும் கேட்கக் கூடாது. விதியை மாற்றவும் பாதிக்கு மேல் சம்மதித்தால் போதும். பதினைந்து பெட்டிகளை நுழைப்பதற்காக நிர்வாகமே வைத்துக்கொண்ட வசதி அது.

திருத்தம் ஓட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தவர்களும் கடையை அடைத்தவர்களுமாகச் சங்கக் கட்டடத்தில் கூடியிருந்தார்கள். ஜெஸிந்தா நீளமாகப் பேசவில்லை.

“கேஸ் வந்துச்சுன்னு நீங்க யாரும் சொல்ல வேண்டாம். வரலன்னும் சொல்ல வேண்டாம். எங்கள கேக்காதீங்கன்னு சொன்னா போதும். கம்பெனிக்காரன் கேட்டா, எங்களுக்கு இந்த வம்பு வேண்டாம் சார்னு சொல்லுங்க. அது உண்மைதான.”

பட்டுராஜ் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். கதவைச் சாத்திய இரண்டு வீட்டுக்காரர்கள் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. பெல்சியா யார் முகத்தையும் பார்க்காமல் தன் ஓட்டைப் போட்டாள்.

ஆம் பதினான்கு.

விதி மாறியது.

அண்ணனின் நாள் இப்போது ஏறும் என்று ஜெஸிந்தா புரொஜெக்டர் சுவரில் காட்டிய திரையையே பார்த்தாள். ஏறியது வேறு தேதி. அவன் சாவதற்கு நான்கு வருடங்களுக்கு முந்தையது. நிராகரித்து நெடுநாளானதால் தங்களுக்குள் ஒதுக்கி வைத்திருந்த பழைய அளவுகளிலிருந்து சென்சார்கள் தொடங்கியிருந்தன. அதற்கடுத்து இன்னொன்று. அதற்கடுத்து மற்றொன்று. மேற்குச் சுவர், பள்ளிக்கூடப் பக்கம், தெற்கு வாசல். வரிகள் மேலேறிக்கொண்டே இருந்தன. சூசை ஒருவன்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

“நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றாள் லூர்தம்மாள். “அந்த ஆடி மாசத்த மறுபடி காட்டு.” காட்டியதும் எண்ணிப் பார்த்தாள். “எம் மவளுக்கு வயித்துல தங்காமப் போனது இந்த வாரந்தான்.”

பின்வரிசையில் யாரோ தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் ஒரு தேதியைப் படித்துவிட்டு மேற்கொண்டு படிக்க மாட்டாமல் உட்கார்ந்தார்.

சிதம்பரக்கனி எழுந்து சுவருக்கு மிக அருகில் போனார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருடைய தலையின் நிழல் திரையில் பெரிதாக விழுந்தது.

“தாயி, கோயில்ல பங்குனிக் கொடை முடிஞ்ச மறுநாளு. அதுல என்ன போட்டுருக்கு? எனக்குச் சரியாத் தெரியல.”

ஜெஸிந்தா படித்தாள். “தெற்கு வாசல் சென்சார். குளோரின். அபாய அளவுக்கு மேல, அண்ணாச்சி. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும்.”

“தெக்கு வாசல்னா எங்க வீட்டுக்கு நேரே.”

“ஆமா.”

“எம் வீட்டுக்காரி பூரணம் போய்ச் சேந்தப்பம் வீசிங்னு சொன்னானுவ” என்றார் அவர். “பொட்டல்ல நின்னு வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருந்தா. கொடைக்கு அலைஞ்சதுல வந்த தூசின்னு சொன்னானுவ. நானும் அவளத்தான் ஏசுனேன், சொன்னா கேக்க மாட்ட, தூசியில போய் நிப்பன்னு.”

பெல்சியா எழுந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

மேசையில் இருந்த சங்கத்தின் போன் அடித்தது. ஜெஸிந்தா ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” ராகவேந்திரனின் குரலில் பழைய மரியாதை இல்லை. “எல்லாத்தையும் நிறுத்துங்க. திங்கக்கிழமை நாங்க ஸ்டே வாங்கிடுவோம். அந்த மக்களுக்கு என்ன தெரியும்? எதுக்கு ஓட்டுப் போட்டோம்னே தெரியாம போட்டிருக்காங்கன்னு சொல்லுவோம்.”

சிதம்பரக்கனி கையை நீட்டினார். ஜெஸிந்தா போனைக் கொடுத்தாள். அவர் அதை வாய்க்கு மிக அருகில் பிடித்துக்கொண்டார்.

“யாருவே அது, ஆபீசரா? நான் சிதம்பரக்கனி பேசுதேன். கேன்டீனுக்கு அரிசி போடுத சிதம்பரக்கனி. அன்னைக்கு ‘இல்ல’ன்னு அமுக்குனவன்.”

“சொல்லுங்க சார்… நீங்களாவது அந்தப் பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லுங்க.”

“சொல்லுதேன். அதுக்கு முன்னால எனக்கு ஒரு ஓட்டு வேணும். அதே கேள்வி. கேஸ் வந்துச்சா, வரலயா? எம் பேரப் பெரிசாப் போட்டு, இப்பம் எங்கிட்ட கேளு.”

“சார், இப்பதான் அந்த ஓட்டையே எடுத்துட்டீங்களே.”

“கேளுவே!” என்று கத்தினார் சிதம்பரக்கனி. “இப்பம் கேளு!”

அவருக்குப் பின்னால் பட்டுராஜ் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். லூர்தம்மாள் செருப்பைத் தேடினாள். ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, பேட்டைக்குப் போகும் சாலையில் இறங்கினார்கள்.